ஒத்துக்கொண்ட உண்மைகள்

தூக்குக்கும் ஊசிக்கும் துவக்குச் சூட்டுக்கும் காத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்காகச் சிவபாதசுந்தரம் இருபது வருடம் கெஞ்சிக் கடிதம் எழுதினார். அவர்களில் ஒருவரையும் அவர் கண்டதில்லை. அவருக்கு நேரில் தெரிந்த ஒரேயொரு கொலைகாரன் அவருடைய மருமகன். அவனுக்காகக் கெஞ்ச வேண்டிய தேவை வரவில்லை. அவுஸ்திரேலியாவில் மரண தண்டனையை எடுத்துவிட்டு வெகுகாலம் ஆகிறது.

யாழ்ப்பாணத்தில் அவர் வழக்காடும் ஓர் அப்புக்காத்தரிடம் கிளாக்காக இருந்தவர். எண்பத்தெட்டில் சிட்னிக்கு வந்து, சட்டத்தைப் பற்றி ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்காத தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றபடி வேலை செய்தார். பகல் முழுக்கப் பிறத்தியாருடைய கடிதங்களைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்குத் தானும் எழுத வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பரமட்டாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஒன்பது பேர் கூடுவார்கள். ஓய்வுபெற்ற ரீச்சர்மார், ஒரு கன்னியாஸ்திரி, காது கேளாத ஒரு பொறியியலாளர், நெற்றியில் திருநீற்றோடு இவர். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் எடுத்துக்கொண்டு, அந்த மாதம் எந்த நாட்டில் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்று பார்த்து, அந்த நாட்டு அதிபதிக்கு மாட்சிமை தங்கிய ஐயா என்று தொடங்கி எழுதுவார்கள்.

இருபது வருடத்தில் நான்கு பதில்கள் வந்தன. மூன்று, கடிதம் கிடைத்தது என்று தூதரகங்கள் போட்ட பதில். நான்காவது, ஒருவனுடைய தண்டனையை ஆயுட்காலச் சிறையாகக் குறைத்துவிட்டோம் என்றது. அன்றைக்கு மனைவி கனகேஸ்வரி கேசரி கிண்டினாள். என்ன விசேஷம் என்று விளங்காமலே பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவியும் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

கனகேஸ்வரிக்கு இந்தக் கொள்கையில் துளியும் நம்பிக்கை இல்லை. கொன்றவனைக் கொல்லத்தான் வேண்டும் என்பது அவளுடைய கட்சி. ஆனால் முத்திரை ஒட்டுவது அவள்தான். தபால் எடுக்கும் நேரத்துக்கு முன் போய்ப் பெட்டியில் போடுவதும் அவள்தான். "உங்கட கொலைகாரருக்கு இண்டைக்கு நேரம் போகுது" என்று அவசரப்படுத்துவாள். முப்பத்தைந்து வருடக் கலியாணம் அப்படித்தான் ஓடியது, ஒருவர் எழுத மற்றவர் எதிர்த்துக்கொண்டே ஒட்டுவதாக.

சமூகத்தில் அவருக்கு லெட்டர் சிவம் என்று பெயர். பிறந்தநாள் விழாக்களில் அவரைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு. கணக்காளர் மகேந்திரராஜா வடையைக் கையில் வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு தரமாவது கேட்பார்: "அண்ணை, உங்கட பிள்ளைக்கு ஒண்டு நடந்தா அப்பவும் இப்பிடித்தான் கதைப்பீங்களோ?" இந்தக் கேள்வியை உலகம் முழுவதும் இந்தக் கட்சிக்காரர்களிடம் கேட்கிறார்கள். அதற்கு ஒரு பதில்தான் உண்டு. "ஓம், அப்பவும்" என்பார் சிவபாதசுந்தரம். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள், மகேந்திரராஜா அடுத்த வடைக்குப் போவார்.

பிறகு அது நடந்தது. செத்த வீட்டுக்கு வந்த முந்நூறு பேரில் மகேந்திரராஜா மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தான் கேட்டதால்தான் நடந்தது என்பதுபோல் ஒரு மூலைக் கதிரையில் குனிந்திருந்து, சொல்லாமல் எழும்பிப் போனார். அதன்பின் ஒருவரும் சிவபாதசுந்தரத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வியாக அது ஆகியிருந்தது.

மருமகன் உமாசுதனை வீட்டுக்குக் கூட்டி வந்ததே அவர்தான். 2012இல் கப்பலில் வந்தவன். பெயின்ற் அடிக்கும் வேலை, மெல்லிய பேச்சு, பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்கும் பழக்கம். கப்பலில் வந்த பொடியன்களுக்கு அகதி விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது சிவபாதசுந்தரத்தின் ஞாயிற்றுக்கிழமை வேலை. உமாசுதனுடைய வாக்குமூலம் பதினொரு பக்கம் வந்தது. கடைசி வசனத்தை அவர் மூன்று தரம் திருத்தினார்: என்னைத் திருப்பி அனுப்பினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். குடிவரவுத் திணைக்களம் அதை நம்பவில்லை. மேன்முறையீட்டிலும் நம்பவில்லை. மாதக்கணக்கில் நீட்டும் தற்காலிக விசாவில்தான் அவன் தங்கியிருந்தான். உமாசுதனே பாதிதான் நம்பினான் என்று நினைக்க இடமிருக்கிறது. உலகத்தில் அந்த வசனத்தை முழுக்க நம்பியவர், அதை எழுதியவர் ஒருவர்தான்.

அந்தப் பதினொரு பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் இருந்து ரைப் பண்ணியவள் அவருடைய ஒரே மகள் சயந்தினி. பரமட்டாவில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தவள். ஒருவனுடைய துன்பத்தை எழுத்துப் பிழையில்லாமல் அடிக்கிறவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, இரக்கம் அதன் வழக்கமான வேலையைச் செய்தது. கப்பலில் வந்தவனுக்கு இங்கே கலியாணத்தாலும் விசா கிடைக்காது என்று தகப்பன் விளக்கினார். விசாவுக்காகச் செய்யவில்லை என்றாள் அவள். அதில் அவருக்குப் பெருமைகூட.

2022 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பரமட்டா பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் குந்தும் வாங்கில் அவள் அவரைச் சந்தித்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. வீட்டுக்கு வராமல் ஏன் இங்கே வரச் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை, கட்டைக் கண்டதும் விளங்கிவிட்டது. டொக்டரிடம் குளியலறையில் வழுக்கியதாகச் சொல்லியிருந்தாள். உமாசுதன் அடித்தது இது மூன்றாம் தரம்.

"பொலிஸுக்குப் போகட்டோ அப்பா?"

அவர் கிளாக்காகவே பதில் சொன்னார். "போனா சார்ஜ் பண்ணுவாங்கள். சார்ஜ் வந்தா அவன்ர விசாவை நிப்பாட்டிப் போடுவாங்கள். பிறகு காம்ப், பிறகு பிளேன். அங்க கொண்டுபோய் இறக்கினா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும். நீதானே பிள்ளை ரைப் பண்ணினனி."

சயந்தினி பஸ்களைப் பார்த்தாள். தான் அடித்த வசனத்தைத் தன்னிடமே யாரோ திருப்பி வாசித்துக் காட்டுவதைக் கேட்பதுபோல் இருந்தது அவள் முகம். பிறகு, "ஓம் அப்பா" என்றாள். அம்மாவுக்குச் சொல்லாதே, தாங்கமாட்டா என்றார் அவர். அதற்கும் ஓம் என்றாள்.

அந்தக் கிழமையே அவர் உமாசுதனைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், ஒரு பூங்கா ஓரமாக நிறுத்திக் கதைத்தார். அவன் அழுதான். "இனி இல்லை மாமா" என்று அவர் கையைப் பிடித்தான். திரும்பி வரும்போது சிவபாதசுந்தரத்தின் மனம் லேசாக இருந்தது. அந்த நாலாவது பதில் வந்த அன்றைக்கு இருந்ததுபோல. நானூற்றுப் பதின்மூன்றாவது ஆளை, எழுதாமலே, முத்திரையும் ஒட்டாமலே காப்பாற்றியிருந்தார். தன் சொந்த ஆள் ஒருவனைக் காப்பாற்றியது அதுதான் முதல் தரம்.

ஏழு மாதத்தில் சயந்தினி செத்துப்போனாள். எப்படி என்பதை நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது, இங்கே தேவையில்லை. உமாசுதன் தானே பொலிஸுக்குப் போன் பண்ணி, அவர்கள் வரும்வரை வாசற்படியில் இருந்தான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு கனகேஸ்வரி வாயைத் திறந்தாள். குசினியில் நின்றபடி, பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "நானூறு பேருக்கு வேண்டாம் எண்டு எழுதினனீங்கள். ஒருத்தனுக்கு வேணும் எண்டு எழுதுங்கோ."

இந்த நாட்டில் அது இல்லை என்றார்.

"இல்லையெண்டு எனக்கும் தெரியும். எழுதுங்கோ."

அவர் உண்மையாகவே முயன்றார். பேனையை எடுத்து, மாட்சிமை தங்கிய என்று தொடங்கி, யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் இருந்தார். மகள் போனால் கொள்கையும் போய்விடும் என்றுதான் எல்லோரையும்போல அவரும் நினைத்திருந்தார். அவனைக் கனவில் எத்தனையோ விதமாகக் கொன்றிருக்கிறார். விடிந்து முகம் கழுவியதும் பார்த்தால், அரசாங்கம் ஒரு மனிதனைக் கட்டி வைத்துக் கொல்வது பிழை என்ற எண்ணம், பல்லுத் தூரிகைபோல இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் எல்லாம் இடிந்து விழுந்தபின் ஒன்று மட்டும் கீறல்கூட இல்லாமல் மிஞ்சினால் அதன்மேல் எவ்வளவு வெறுப்பு வருமோ, அவ்வளவு வெறுப்பு அவருக்கு அதன்மேல் வந்தது. இந்தக் கொள்கைதான் தன் பிள்ளையைக் கொன்றது என்று அவருக்குத் தெரியும். அது சரி என்றும் அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு ஒரு மனிதன் காலையில் என்னத்தைச் சாப்பிடுவது?

அவருக்குத் தேவைப்பட்டது வேறொன்று. அந்த வாங்கில் தான் சொன்னதை யாராவது எழுதி எடுத்து, இது குற்றம் என்று சொல்லி, இவ்வளவு வருடம் என்று தரவேண்டும். உமாசுதனுக்குக் கிடைக்கப்போகும் அந்த மரியாதை தனக்கும் வேண்டும். ஆனால் அதற்கு முதலில் கனகேஸ்வரியின் காதில் விழச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று அவர் நிச்சயமாக நம்பினார். மகள் போன வீட்டில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

உமாசுதன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், விசாரணை இல்லாமல் போனது. தீர்ப்புக்கு முன் குடும்பத்தார் தங்கள் இழப்பை எழுதி நீதிமன்றத்தில் வாசிக்கலாம் என்று கடிதம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள, வழக்குத் தொடுக்கிற பக்கத்திலிருந்து ஹரிப்பிரியா என்ற பிள்ளை நியமிக்கப்பட்டாள். கெல்லிவில்லில் வளர்ந்தவள், தாய்தகப்பன் கோயம்புத்தூர். வார்த்தைக்கு வார்த்தை அங்கிள் போட்டாள். தண்டனையின் நோக்கங்கள் என்று சட்டம் சொல்லும் ஏழையும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். தண்டித்தல், தடுத்தல், சமூகத்தைக் காத்தல், திருத்துதல் என்று போய், ஏழாவதாக, பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த தீங்கை ஏற்றுக்கொள்ளுதல் என்று முடிந்தது. சிவபாதசுந்தரம் அந்த ஏழாவதை நெடுநேரம் பார்த்தார். ஏற்றுக்கொண்டபின் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று அதில் இல்லை.

அவர் ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு போனார். நான்காம் பக்கத்தில் வாங்கும், பஸ்ஸும், மணிக்கட்டும் இருந்தன. ஹரிப்பிரியா வாசித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றாள்.

"அங்கிள், இது ஒத்துக்கிட்ட உண்மைகள்ல இல்லையே?"

ஒத்துக்கொண்ட உண்மைகள் என்பது ஒரு பத்திரம். இரண்டு பக்க லோயர்மாரும் இருந்து, இவையிவை நடந்தன என்று கைச்சாத்திட்டது. அதில் இல்லாதது நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நடக்கவில்லை. உண்மையை இரண்டு பேர் பேசித் தீர்மானிக்கலாம் என்பது அப்புக்காத்தரின் கந்தோரிலேயே அவர் அறிந்த விஷயம்தான். அது தன் மகளின் கையைப் பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஹரிப்பிரியா மறைக்காமல் சொன்னாள். பழைய அடியைப் பற்றி இந்த அறிக்கையில் புதிதாகச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்றால் அங்கிள் தனியாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும். டொக்டரின் பதிவில் வழுக்கி விழுந்ததாக இருப்பதால் மற்றப் பக்கம் மறுக்கும். பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, இன்னும் எத்தனையோ மாதம். "அன்ரியையும் கேப்பாங்க, அவங்களுக்கு இது தெரியுமான்னு. ஆனா நீங்க கொடுக்கணும்னா நாங்க எடுத்துக்குவோம் அங்கிள். அது முழுக்க உங்க முடிவு."

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். அங்கேயிருந்து அந்த பஸ் தரிப்பிடம் தெரியாது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியும்.

"வெட்டுங்கோ பிள்ளை" என்றார்.

அன்ரிக்கு இன்னொரு வழக்கைத் தாங்கேலாது என்று காரணம் சொன்னார். நல்ல காரணம். நானூற்றுப் பன்னிரண்டு கடிதம் எழுதியவருக்கு ஒரு நல்ல காரணம் எழுதவா தெரியாது?

வாசிக்கிற நாளில் திருத்தி ரைப் பண்ணிய நான்கு பக்கம் கையில் இருந்தது. வெட்டிய பக்கம் சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. கனகேஸ்வரி இரண்டாம் வரிசையில், மடியில் கையை வைத்துக்கொண்டு, அவரையே பார்த்தபடி இருந்தாள். உமாசுதன் கைதிக் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான். அவர் மூன்றாம் பக்கத்தை முடிக்கும்போது அவன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். ஹரிப்பிரியாவை விட்டால், அடுத்தது என்ன வரவேண்டும் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் தாங்கள் இரண்டு பேர்தான் என்று அவர் நினைத்தார். பொக்கற்றுக்குள் போக வேண்டிய கை தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் அடுத்த பக்கத்துக்குப் போய், சயந்தினி சின்னனில் எப்படி நீச்சல் பழகினாள் என்பதை வாசித்தார். உமாசுதனின் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. அதை அவர் கண்டார். அது நன்றி. அப்படி ஒரு நன்றி நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவனிடமிருந்தும் அவருக்குக் கிடைத்ததில்லை.

அவருடைய கண்ணியத்துக்கு நீதிபதி நன்றி சொன்னார்.

ஐந்து கிழமை கழித்துத் தீர்ப்பு. நீதிபதி நல்ல மனுசி, அவசரப்படாமல் வாசித்தார். ஏழு நோக்கங்களையும் தொட்டார். பிறகு, இந்த உறவில் முன்னர் எந்த வன்முறையும் நடந்ததாக என் முன்னால் ஆதாரம் இல்லை என்றார். இதற்கு முன் குற்றமேதும் செய்யாதவர், நன்னடத்தை உள்ளவர், திருந்தக்கூடியவர் என்று ஏற்றுக்கொள்கிறேன் என்றார். முப்பது வருடம் என்று தொடங்கி, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காகக் காற்பங்கு கழித்து, இருபத்திரண்டரை. பதினாறு வருடமும் பத்து மாதமும் போனபின் விடுதலைக்குக் கேட்கலாம். அதற்குப் பிறகு அவன் நாடுகடத்தப்படக்கூடும் என்பதையும் கவனத்தில் எடுத்தார்.

சிவபாதசுந்தரம் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். எந்தப் பிளேனில் அவனை ஏற்றக்கூடாது என்று மகளைத் திருப்பி அனுப்பினாரோ, அந்தப் பிளேன் பதினேழு வருடம் பிந்தி, அவனுக்காகக் காத்து நிற்கிறது. முன்னர் வன்முறை இல்லை என்பதை அந்த நீதிமன்றத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான், ஒரு பக்கத்தை மடித்து வைத்து. இரண்டு தரம் கேட்கப்பட்டது, இரண்டு தரமும் அவர் அவனைக் காப்பாற்றியிருந்தார்.

வெளியே ஹரிப்பிரியா கனகேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள். அன்ரி, இனி நீங்க கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம் என்றாள். கனகேஸ்வரி, "நல்லது பிள்ளை, வீட்டுக்கு ஒருநாள் வாங்கோ" என்றாள்.

காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மேய்ஸ் ஹில்லுக்குக் கிட்ட ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதில் திரும்பினால் முருகன் கோயில். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் அதில்தான் திரும்புவார்கள். கனகேஸ்வரி அர்ச்சனைச் சீட்டுக்குப் பெயர்களைச் சொல்லும்போது மகளின் நட்சத்திரத்துக்கு அடுத்ததாக மருமகனுடையதையும் சொல்லுவாள். அது முன்பு.

"கை உடைஞ்சது கோட்டுக்காரரின்ர எழுத்தில இல்லைப்போல" என்றாள் கனகேஸ்வரி.

அவர் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்த லொறியின் நம்பரைப் பார்த்தார். கைக் கட்டைப் பற்றி அவர் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"என்னட்டத்தான் முதல் வந்தவள். நீங்கள் லைப்ரரிக்குப் போயிருந்த நேரம். அந்தக் கையைத் தூக்கிக் காட்டினவள். எனக்கு உந்தச் சட்டம் ஒண்டும் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரியும், வெளியில எங்கயாவது கூப்பிட்டுக் கேள், அவர் சரியாச் சொல்லுவார் எண்டு நான்தான் அனுப்பினனான். பின்னேரம் போன் எடுத்தவள். அப்பா வேண்டாம் எண்டவர், நான் வீட்டை போறன் எண்டாள். சரி, அப்பா சொன்னாச் சரியா இருக்கும், போ எண்டனான்."

லொறியின் நம்பர் ஐந்தில் முடிந்தது. அவர் அதைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் முதல் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். குசினியில நிண்டு பாத்தன், கோட்டில இருந்து பாத்தன். நீங்கள் சொன்னா நானும் சொல்லலாம் எண்டு."

அவர் பொக்கற்றைத் தொட்டார். அந்தப் பக்கம் இன்னும் அங்கேதான் இருந்தது, ஐந்து கிழமையாகச் சேட்டு மாற்றும்போதெல்லாம் மாற்றி மாற்றி வைத்தது. அதை எடுத்து அவளிடம் கொடுக்கலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. இனி அதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதை வாங்கி வாசித்து இவ்வளவு வருடம் என்று சொல்லக்கூடியவர் என்று அவர் நம்பியிருந்த ஒரே ஆளும், இப்போது அவர் பக்கத்துச் சீற்றில், அவரைப்போலவே தண்டனைக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஹோர்ன் அடித்தது. பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

"எடுங்கோ" என்றாள் கனகேஸ்வரி. "பின்னால சனம் நிக்குது."

அவர் எடுத்தார். கோயில் பக்கம் திரும்பவில்லை, திரும்பச் சொல்லி அவளும் கேட்கவில்லை.